பேனாவுக்கு லைசென்சு வேண்டுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

ஆட்டோ ஓட்ட லைசென்சு வேண்டும். மருந்துக் கடையில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுக்கப் பதிவு வேண்டும். தீபாவளிக்குப் பத்து நாள் பட்டாசு விற்க வேண்டுமென்றால்கூட உரிமம் வாங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து ஊரே படித்து நம்புகிற செய்தியை எழுதுகிறவருக்கு எந்த லைசென்சும் வேண்டாம். எந்தப் பரீட்சையும் இல்லை. இது என்ன நியாயம் என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. நம் மதுரையில் 'பிரஸ்' என்று ஒட்டிக்கொண்டு ஓடும் இருசக்கர வாகனங்களைப் பார்த்தால், இப்படிக் கேட்பவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அத்தனை வண்டிகளுக்கும் வேலை கொடுக்க இந்த ஊரில் பத்திரிகைகள் ஏது?

வேதியியல் படிக்கிறவனுக்குப் பத்திரிகைச் சட்டத்தில் என்ன வேலை என்று ஆசிரியர்கள் நினைக்கலாம். பத்திரிகை படிக்கிற எவருக்கும் இதில் வேலை உண்டு என்பதே என் எண்ணம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பதிவு, அங்கீகாரம், லைசென்சு ஆகிய மூன்றையும் நாம் ஒன்றாகவே எண்ணிக்கொள்கிறோம். மூன்றும் வேறு வேறு. நம் நாட்டில் பத்திரிகைக்குப் பதிவு உண்டு. 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அச்சிடுபவரும் வெளியிடுபவரும் மாவட்ட மாஜிஸ்திரேட் முன்பு உறுதிமொழி கொடுத்து வந்தார்கள். அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் 2023-ஆம் ஆண்டின் பத்திரிகைகள், பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் நிறைவேறி, 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஓர் இதழில் வருவதற்கு யார் பொறுப்பு என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்பதே பதிவின் அடிப்படை. நாளிதழின் ஏதோ ஒரு பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்ததுபோல் சிறிய எழுத்தில், அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் ஆசிரியர் பெயரும் போட்டிருக்கும். அதை நம்மில் பலர் ஒரு நாளும் படித்திருக்க மாட்டோம்.

அங்கீகாரம் என்பது இரண்டாவது. தலைமைச் செயலகத்துக்குள் போகவும் சட்டமன்ற நடவடிக்கைகளைப் பார்க்கவும் அமைச்சர்களின் பேட்டிக்குச் செல்லவும் நிருபர்களுக்கு அரசு கொடுக்கும் அட்டை அது. பஸ் பாஸ் போன்ற சலுகைகளும் அதை ஒட்டியே வருகின்றன. அந்த அட்டை இல்லாதவர் செய்தி எழுதக்கூடாது என்று சட்டம் இல்லை. மூன்றாவதாகிய லைசென்சு, அதாவது இன்னார்தான் எழுதலாம், இன்னார் எழுதினால் குற்றம் என்ற ஏற்பாடு, சுதந்திர இந்தியாவில் கிடையாது. பேச்சுரிமையும் எழுத்துரிமையும் அரசியல் சட்டத்தின் 19-ஆவது விதிப்படி எல்லாக் குடிமக்களுக்கும் பொதுவானவை. பத்திரிகையாளருக்கென்று தனியாக ஓர் உரிமை அங்கே எழுதப்படவில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு உள்ள அதே உரிமையை வைத்துக்கொண்டுதான் அவர்களும் எழுதுகிறார்கள்.

ஆனால் லைசென்சு நமக்குப் புதிதன்று. வெள்ளைக்காரர் காலத்தில் அதை நன்றாகவே அனுபவித்திருக்கிறோம். அதுவும் நம் சென்னையிலேயே. 1795-இல் ஹம்ப்ரீஸ் என்பவர் கம்பெனி அரசின் அனுமதி பெறாமல் 'இந்தியா ஹெரால்டு' என்ற இதழைச் சென்னையில் நடத்தினார். அவரைக் கைது செய்து கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்ப உத்தரவாயிற்று. மனிதர் கப்பலிலிருந்தே தப்பிவிட்டார் என்பது வேறு கதை. 1823-இல் கல்கத்தாவில் தற்காலிகக் கவர்னர் ஜெனரலாக இருந்த ஜான் ஆடம், லைசென்சு இல்லாமல் யாரும் பத்திரிகை நடத்தக்கூடாது என்று விதி கொண்டுவந்தார். அப்போது ராஜாராம் மோகன் ராய் 'மிராத்-உல்-அக்பர்' என்ற பாரசீக வார இதழை நடத்திக்கொண்டிருந்தார். லைசென்சு வாங்கி நடத்துவதைவிட நிறுத்திவிடுவதே மேல் என்று இதழை மூடிவிட்டார்.

அதற்கு அவர் சொன்ன காரணங்கள் இன்றும் எண்ணத்தக்கவை. செல்வாக்கு இல்லாத ஒருவன் பெரிய அதிகாரியின் வாசலில் நிற்கும் சேவகர்களைத் தாண்டி உள்ளே போவதே பெரும்பாடு; கோர்ட்டில் பலர் முன் நின்று சத்தியப் பிரமாணம் செய்வது மானக்கேடு; இவ்வளவும் செய்து வாங்கிய லைசென்சை எந்த நேரத்திலும் பறித்துவிடலாம் என்றால் அந்த அவமானம் அதனினும் பெரிது. இவைதாம் அவர் வாதத்தின் சாரம். தாலுகா ஆபீசுக்குச் சாதிச் சான்றிதழுக்கு நடந்தவர்களுக்கு இதில் முதலாவது காரணம் நன்றாகப் புரியும். அந்த விதியை 1835-இல் மெட்காஃப் நீக்கினார். 1857-இல் சிப்பாய்க் கிளர்ச்சியை ஒட்டி லைசென்சு ஓராண்டுக்குத் திரும்ப வந்தது. 1878-இல் லிட்டன் பிரபு இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கு மட்டும் தனிச் சட்டம் போட்டார். ஆங்கிலத்தில் எழுதினால் பயமில்லையாம், இந்திய மொழியில் எழுதினால் பயமாம்! நான்கே ஆண்டுகளுக்குள் ரிப்பன் பிரபு காலத்தில் அதுவும் போயிற்று.

"அதெல்லாம் அந்நியர் ஆட்சி, அடக்குவதற்காகச் செய்தார்கள். நாம் கேட்பது மஞ்சள் பத்திரிகைகளை ஒழிக்க" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கைப் பற்றி வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் சிறைக்குப் போனார்கள் என்ற அளவில்தான் அந்தக் கதை நிற்கிறது. அதன் முன்பாதி நம் கேள்விக்கு மிகவும் பொருந்தும்.

லட்சுமிகாந்தன் 'சினிமா தூது' என்ற இதழை நடத்தினார். நடிகர் நடிகையரின் சொந்த வாழ்க்கையைப் பற்றி அருவருப்பான செய்திகள் அதில் வந்தன. எழுதாமல் இருப்பதற்குப் பணம் பெறுவதும் நடந்தது என்பார்கள். இதைப் பொறுக்க முடியாமல் பாகவதரும் என்.எஸ்.கே.யும் பட்சிராஜா ஸ்ரீராமுலு நாயுடுவும் சேர்ந்து கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்தார்கள். கவர்னரும் அந்த இதழின் லைசென்சை ரத்துச் செய்தார். லைசென்சு கேட்பவர்கள் விரும்புகிற காரியம் அப்படியே நடந்துவிட்டது. பலன் என்ன? லட்சுமிகாந்தன் 'இந்து நேசன்' என்ற வேறோர் இதழைக் கையில் எடுத்துக்கொண்டு, பழைய வேலையையே தொடர்ந்தார். 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் அவர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். மூவரும் கைதானார்கள். நாயுடு விடுதலையாக, மற்ற இருவருக்கும் தண்டனை கிடைத்தது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று வழக்கு மறுபடி விசாரிக்கப்பட்டு, 1947-இல்தான் இருவரும் விடுதலையானார்கள். தமிழ்த் திரையின் முதல் சூப்பர் ஸ்டாரின் வாழ்வு அதோடு சாய்ந்தது.

லைசென்சு இருந்த காலம் அது. ரத்துச் செய்யும் அதிகாரமும் இருந்தது. அதைப் பயன்படுத்தவும் செய்தார்கள். மஞ்சள் பத்திரிகை ஒழியவில்லை, பெயர்ப் பலகையைத்தான் மாற்றிக்கொண்டது. ஏனென்றால் மிரட்டிப் பிழைக்க நினைப்பவன் காகிதங்களைச் சரியாக வைத்துக்கொள்வதில் நம்மையெல்லாம்விடக் கெட்டிக்காரன். எங்கள் பக்கத்துச் செங்கல் சூளை ஒன்றுக்குத் 'தீபாவளி மலர் விளம்பரம்' கேட்டு வந்தவரின் கழுத்தில் தொங்கிய அட்டை, என் கல்லூரி அடையாள அட்டையைவிடப் பளபளப்பாக இருந்தது. அவரிடம் அட்டை இல்லை என்று யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

இனிப் படிப்பைப் பற்றிப் பார்ப்போம். 2013 மார்ச்சில் இந்தியப் பிரஸ் கவுன்சிலின் தலைவராக இருந்த நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு, பத்திரிகையாளருக்குக் குறைந்தபட்சக் கல்வித் தகுதி வேண்டும் என்று கருதி, அதை ஆராய ஒரு குழு அமைத்தார். வக்கீலுக்கும் டாக்டருக்கும் தகுதி இருக்கும்போது இவர்களுக்கு ஏன் இல்லை என்பது அவர் கேள்வி. அதே ஆண்டு ஆகஸ்டில் அப்போதைய தகவல் ஒலிபரப்பு அமைச்சர் மணீஷ் திவாரி ஒரு படி மேலே போய், பொதுத் தேர்வு வைத்து லைசென்சு கொடுக்கலாமே என்று யோசனை சொன்னார். எதிர்ப்பு எழுந்தது, யோசனை சட்டமாகவில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே பட்டத்தை இகழ்வது என் நோக்கமன்று. அதன் விலை என்ன என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். ஆனால் மதுரையின் கதையைப் பார்க்கும்போது, இந்தத் தகுதி விதி முன்பே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. 1904-இல் நம் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்தவர் பாரதியார். அவருடைய கவிதை அச்சேறியது மதுரையில் வெளிவந்த 'விவேகபாநு' என்ற இதழில். அதே ஆண்டு நவம்பரில் வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய், ஜி. சுப்பிரமணிய ஐயரின் 'சுதேசமித்திரன்' நாளிதழில் உதவி ஆசிரியரானார். அவரிடம் பட்டம் இல்லை. பி.ஏ. வேண்டும் என்று வாசலில் ஒருவர் நின்று கேட்டிருந்தால், வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். இரண்டே ஆண்டில் 'இந்தியா' வார இதழில் அவர் எழுதத் தொடங்கியதும், 1908-இல் அந்த இதழின் பொறுப்பாளர் தண்டிக்கப்பட்டதும், பாரதியார் புதுச்சேரிக்குப் போனதும் எல்லாரும் அறிந்தவை.

மறுபக்கமும் உண்டு. 1942 நவம்பர் 1-ஆம் நாள் மதுரையில் 'தந்தி'யைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் இங்கிலாந்தில் பாரிஸ்டர் படித்தவர். கோர்ட்டில் வாதாட அவருக்குப் படிப்பும் பதிவும் தேவைப்பட்டன. பத்திரிகையாளனாக அவருக்கு எந்தப் பரீட்சையும் இருக்கவில்லை. அந்தப் பத்திரிகையின் வெற்றி அவர் படிப்பைக் காட்டியதால் வந்ததன்று. படிப்பை மறைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரிகிற தமிழில் எழுதச் சொன்னதால் வந்தது. எங்கள் தெருவில் பள்ளிக்கூடமே பார்க்காத பெரியவர்கள் சிலர் தந்தியின் தலைப்புகளை வைத்தே எழுத்துக் கற்றார்கள். இந்தத் திறமைக்கு எந்தப் பல்கலைக்கழகம் பரீட்சை வைக்கும்?

வக்கீல், டாக்டர் ஒப்புமையில் ஏதோ இடறுகிறது என்று எனக்கு முதலிலிருந்தே தோன்றியது. யோசித்துப் பார்த்ததில் இரண்டு வேற்றுமைகள் தென்பட்டன. டாக்டர் கொடுக்கும் மருந்தைச் சோதித்துப் பார்க்க நோயாளிக்கு வழியில்லை. தவறு நேர்ந்தால் உயிர் போன பிறகுதான் தெரியும். ஆகவே முன்கூட்டியே ஒருவர் சோதித்து முத்திரை குத்த வேண்டியிருக்கிறது. செய்தி அப்படியன்று. இன்று ஒரு பத்திரிகை பொய் சொன்னால் நாளை இன்னொரு பத்திரிகை மறுக்கலாம், பாதிக்கப்பட்டவர் மறுப்பு எழுதலாம், வழக்குப் போடலாம். செய்தியாலும் உயிர் போகும் என்பதை நான் மறுக்கவில்லை. குழந்தை கடத்துகிறார்கள் என்ற வதந்தியால் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டதை நம் நாடு பார்த்தது. ஆனால் அந்த வதந்தியைப் பரப்பியவை கைப்பேசிகள். பத்திரிகையாளருக்கு லைசென்சு கொடுப்பதால் அது நின்றிருக்காது.

இரண்டாவது வேற்றுமை இன்னும் முக்கியமானது. டாக்டர் தமக்கு லைசென்சு கொடுத்தவருக்கு எதிராக வைத்தியம் பார்ப்பதில்லை. நிருபரின் வேலையோ பெரும்பகுதி அதுதான். முனிசிபாலிட்டி, போலீசு, கலெக்டர் ஆபீசு, அமைச்சர், சில நேரம் கோர்ட்டு என்று யாரைப் பற்றி எழுத வேண்டுமோ அவர்களிடமே போய் "எனக்கு எழுத அனுமதி தாருங்கள்" என்று கேட்பது எப்படி இருக்கும்? அரசு கொடுக்க வேண்டாம், பத்திரிகையாளர் சங்கமே கொடுக்கட்டும் என்றால், சங்கத்துக்கு அந்த அதிகாரத்தைக் கொடுப்பது சட்டம். சட்டத்தைப் போடுவது அரசு. சங்கத்தில் சேருவது நல்லது. சேராதவன் எழுதக்கூடாது என்பது வேறு.

நெருக்கடிநிலைக் காலம் இதற்குச் சாட்சி. 1975 ஜூனில் அது அறிவிக்கப்பட்டதும் தணிக்கை வந்தது. பல நிருபர்களின் அங்கீகார அட்டைகள் பறிக்கப்பட்டன. 1966 முதல் இயங்கிவந்த பிரஸ் கவுன்சிலே கலைக்கப்பட்டது. 1978-இல் புதுச் சட்டம் இயற்றித்தான் அது மீண்டும் வந்தது. அட்டை என்பது வெறும் சலுகை என்றிருந்த நிலையிலேயே இப்படி. 2018 ஏப்ரலில் பொய்ச் செய்தி வெளியிடும் நிருபரின் அங்கீகாரத்தை நிறுத்திவைப்போம் என்று மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அறிவித்தது. மறுநாளே பிரதமர் அலுவலகத்தின் சொல்லால் அது திரும்பப் பெறப்பட்டது. ஒரு நாள் இரவுக்குள் வந்து போன அந்த அறிவிப்பு, சலுகை எவ்வளவு எளிதாகச் சாட்டையாகும் என்பதைக் காட்டிவிட்டுப் போனது.

கடல் கடந்த தமிழருக்கும் இந்த அனுபவம் உண்டு. மலேசியாவில் பத்திரிகை நடத்த 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசின் அனுமதி வேண்டும். 2007 ஆகஸ்டில் 'மக்கள் ஓசை' என்ற தமிழ் நாளிதழ், இயேசுநாதர் கையில் சிகரெட்டுடன் இருப்பதாகக் காட்டும் படம் ஒன்றை வெளியிட்டுவிட்டது. தவறுதான், கிறித்தவர்கள் மனம் புண்பட்டது நியாயமே. பத்திரிகை மன்னிப்பும் கேட்டது. ஆனாலும் ஒரு மாதம் பத்திரிகையை நிறுத்திவைத்தார்கள். ஒரு படத்துக்கு ஒரு மாதப் பத்திரிகை! கோர்ட்டில் விசாரணை நடந்திருந்தால், எந்தப் படம், யார் போட்டது, என்ன தண்டனை என்று பேசியிருப்பார்கள். லைசென்சுக்கு அந்த நிதானம் தெரியாது. அதன் கையில் இருப்பது ஒரே ஓர் ஆயுதம், கடையை மூடுவது.

வேறு நாடுகளில் பத்திரிகையாளர் சங்கமும் பட்டமும் கட்டாயமாக இருந்ததுண்டு. இத்தாலியில் 1963-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்திரிகையாளர் பதிவேடும் தேர்வும் உண்டு. கோஸ்டா ரிக்காவில் சங்கத்தில் சேராமல் எழுதிய குற்றத்துக்காக ஸ்டீபன் ஷ்மிட் என்ற பத்திரிகையாளர் தண்டிக்கப்பட்டார். அதை ஒட்டி எழுந்த கேள்விக்கு 1985-இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம், கட்டாய லைசென்சு எழுத்துரிமைக்கு முரணானது என்று கருத்துரைத்தது. எழுதுவதும் எழுத்துரிமையைப் பயன்படுத்துவதும் ஒன்றே. இரண்டையும் பிரிக்க முடியாது என்பது அதன் அடிப்படை. பிரேசிலில் இராணுவ ஆட்சி 1969-இல் பட்டத்தைக் கட்டாயமாக்கியது. நாற்பது ஆண்டு கழித்து 2009-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது.

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், போலிப் பத்திரிகையாளர்களின் தொல்லையைக் கருதி, தமிழ்நாட்டுக்கெனத் தனிப் பிரஸ் கவுன்சில் ஒன்றை மூன்று மாதத்தில் அமைக்குமாறு அரசுக்கு உத்தரவிட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் அது இயங்க வேண்டும். பத்திரிகையாளர் சங்கங்களையும் மன்றங்களையும் அங்கீகரிக்கும் அதிகாரம் அதற்கே உரியது. ஊழியர் எத்தனை பேர், சம்பளம் எவ்வளவு, எத்தனை பிரதி விற்கிறது என்ற விவரம் தராத பத்திரிகைகளுக்கு ஸ்டிக்கரும் அட்டையும் சலுகையும் கொடுக்கக் கூடாது என்றெல்லாம் அந்தத் தீர்ப்பு சொன்னது. இது லைசென்சு அன்று. ஆனால் அதன் பக்கத்து வீடு.

இந்தத் தீர்ப்பில் எனக்கு ஒன்று பிடித்திருக்கிறது, ஒன்று அச்சமூட்டுகிறது. அச்சத்தை முதலில் சொல்கிறேன்.

யார் பத்திரிகையாளர் என்பதற்கு ஒரு பதிவேடு போட்டால், அதில் யார் பெயர் வரும்? 1955-ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் அதற்கு ஓர் இலக்கணம் சொன்னது. பத்திரிகைத் தொழிலே முதன்மையான தொழிலாக இருப்பவர் என்பது அது. சம்பள விஷயத்துக்கு அந்த இலக்கணம் சரி. ஆனால் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டிப் பக்கம் போய்ப் பாருங்கள். பத்திரிகை ஏஜென்டே நிருபர். அல்லது உரக்கடைக்காரர், போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர், பகலில் வேறு வேலை பார்ப்பவர். வெளியாகும் செய்திக்கு இவ்வளவு என்று ஏதோ கொஞ்சம் வரும், வராமலும் போகும். எங்கள் ஊர்க் கடைமடைக்கு வாய்க்கால் தண்ணீர் வராமல் நாற்று கருகிய ஆண்டில், அதைப் பற்றி நாலு வரி எழுதிப் போட்டவர் அப்படிப்பட்ட ஒருவர்தான். மனுக் கொடுத்து அலுத்த பிறகு, அந்த நாலு வரிக்குத்தான் ஒரு ஜீப் ஊருக்குள் வந்தது. முதன்மைத் தொழில் என்று கேட்டால் அவர் உரம் விற்பவர். பதிவேட்டில் அவர் பெயர் இருக்காது.

2007 மே 9-ஆம் நாள் மதுரைத் தினகரன் அலுவலகத்தில், ஒரு கருத்துக்கணிப்பு வெளியானதை ஒட்டி நடந்த தாக்குதலில் தீ வைக்கப்பட்டு மூன்று பேர் இறந்தார்கள். இருவர் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை செய்தவர்கள், ஒருவர் காவலாளி. மூவருமே எந்த இலக்கணப்படியும் பத்திரிகையாளர் அல்லர். முதலில் விடுதலையான வழக்கில், 2019-இல்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பத்திரிகையின் ஆபத்தைச் சுமக்கிறவர்கள் எல்லாரும் பட்டியலில் அடங்குவார்கள் என்று எண்ணுவதற்கில்லை.

அச்சத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 'போலி நிருபர், மிரட்டுகிறார்' என்ற புகார் எப்போதும் உண்மையாக இருக்க வேண்டும் என்பதில்லை. மேலூர்ப் பக்கம் கிரானைட் குவாரிகளில் நடந்த முறைகேடுகளைப் பற்றி மதுரையிலிருந்து வரும் 'தினபூமி' நாளிதழ் எழுதியது. 2010 ஜூலையில் குவாரித் தரப்பின் புகாரின் பேரில் அதன் ஆசிரியர் கைது செய்யப்பட்டார். பத்திரிகையாளர் அமைப்புகள் கண்டித்தன. பிறகு என்ன ஆயிற்று? 2012 மே மாதத்தில் மதுரைக் கலெக்டராக இருந்த சகாயம், குவாரி முறைகேடுகளால் அரசுக்கு 16,338 கோடி ரூபாய் இழப்பு என்று அறிக்கை எழுதினார். ஆகஸ்டில் அது பத்திரிகைகளில் வெளிவந்த பிறகே பெரிய அளவில் சோதனைகள் தொடங்கின. பின்னர் உயர் நீதிமன்றமே அவரை விசாரணை ஆணையராக நியமித்தது. 2015 நவம்பரில் அவர் கொடுத்த அறிக்கை இழப்பை 1 லட்சம் கோடிக்கு மேல் கணக்கிட்டது. குன்றுகளைக் காணோம் என்று ஊர்க்காரர்களுக்கு அதற்கு முன்பே தெரியும். கேள்வி என்னவென்றால், 2010-இல் ஒரு லைசென்சு இருந்து, புகார் வந்த அன்றே அது நிறுத்திவைக்கப்பட்டிருந்தால், அடுத்து எழுதத் துணிந்திருப்பவர் யார்?

சரி, பிடித்ததைச் சொல்கிறேன். தீர்ப்பு சம்பளக் கணக்கைக் கேட்டது. போலி நிருபர் எங்கிருந்து வருகிறார் என்று பார்த்தால், பாதிக்கு மேல் சம்பளமில்லாத நிருபரிடமிருந்துதான் வருகிறார் என்று தோன்றுகிறது. சில சிறு பத்திரிகைகள் சம்பளம் கொடுப்பதில்லை. அதற்குப் பதில் ஓர் அட்டையைக் கொடுத்து, "நீயே சம்பாதித்துக்கொள்" என்று விட்டுவிடுகின்றன. அட்டைக்கே பணம் வாங்குபவர்களும் உண்டு என்கிறார்கள். பால் வியாபாரிக்கு மாட்டைக் கொடுக்காமல் குடத்தை மட்டும் கொடுத்தால் அவன் எதை ஊற்றுவான்? பெரிய பத்திரிகைகளிலும் நிலைமை மெச்சும்படி இல்லை. மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரையை அரசு 2011-இல் அறிவித்தும், நிர்வாகங்கள் வழக்குப் போட்டு, 2014-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்ய வேண்டியிருந்தது. ஒருவர் நிருபரா என்று அறிய அவருடைய பட்டத்தைக் கேட்பதைவிட, அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்று கேட்பது நல்ல சோதனை. அமிலமா காரமா என்று நிறத்தைப் பார்த்து ஊகிக்காமல் லிட்மஸ் தாளை நனைத்துப் பார்ப்பது போன்றது இது. இந்தச் சோதனையிலும் எங்கள் உரக்கடை நிருபர் தடுமாறுவார் என்பது உண்மை. ஆனால் அப்போது பதில் சொல்ல வேண்டியவர் அவரல்லர், அவர் செய்தியை வாங்கிப் போடும் பத்திரிகை.

லைசென்சு இல்லாவிட்டால் மிரட்டுகிறவரை என்ன செய்வது? சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. மிரட்டிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆவது பிரிவின்படி குற்றம். கேட்பவர் கழுத்தில் எந்த அட்டை இருந்தாலும் சரி. அவதூறுக்கு 356-ஆவது பிரிவு இருக்கிறது. விளம்பரம் கேட்டு வருபவரிடம் பத்திரிகையின் ஓர் இதழைக் கேளுங்கள். அதில் அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர் பெயரும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்; அந்த முகவரிக்குப் போன் செய்து, இவர் உங்கள் ஆள்தானா என்று கேளுங்கள். இதழே இல்லை, அட்டை மட்டும்தான் என்றால் போலீசு ஸ்டேஷன் பக்கத்தில்தான் இருக்கிறது.

செய்தி தவறு என்றால் முதலில் ஆசிரியருக்குக் கடிதம் எழுத வேண்டும். மறுப்புப் போடாவிட்டால், வெட்டியெடுத்த செய்தியையும் எழுதிய கடிதத்தின் நகலையும் சேர்த்துப் புதுடில்லியிலுள்ள பிரஸ் கவுன்சிலுக்கு அனுப்பலாம். நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள்ளும், மற்ற இதழ்கள் என்றால் நான்கு மாதத்துக்குள்ளும் அனுப்ப வேண்டும். கவுன்சிலால் அபராதம் போட முடியாது. எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அவ்வளவுதான். தமிழிலேயே வெளியான செய்தியென்றால் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து அனுப்ப வேண்டியிருக்கும். ஊரில் அதற்கு ஆள் கிடைக்காவிட்டால் எங்கள் கல்லூரி ஆங்கிலத் துறை மாணவர்கள் செய்து கொடுப்பார்கள், கேட்டுவிட்டேன்.